முகூர்த்தம் இல்லாத மாதங்கள்

வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த நாதஸ்வரக் கலைஞர் ஒருவர்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 26. தொழிற்சாலை வேலையை விட்டு, பரத வகுப்பும் மேடை நிகழ்ச்சியுமாக ஒரு வருஷம் ஓடிவிட்டது. தை, பங்குனி, சித்திரையில் கை நிறைய வருகிறது. அப்புறம் இரண்டு மாதம் ஒன்றுமே இருப்பதில்லை. வீட்டில் மறுபடி வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். நீங்கள் முப்பது வருஷம் எப்படித் தள்ளினீர்கள்? – வாசகி, பாகான் செராய்

மகளே, நான் 1994-இல் இரும்புச் சாமான் கடை வேலையை விட்டேன். அந்த வருஷமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தமிழ் மாதங்களை வரிசையாக எழுதி, எந்த மாதம் எத்தனை கச்சேரி, எத்தனை கல்யாணம் என்று குறித்து வைத்தேன். மூன்றாவது வருஷம் அதைப் புரட்டினால் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்கள் உண்டு. புரட்டாசி வறட்சி. மார்கழியில் விடியற்காலைக் கோயில் வாசிப்பு மட்டும். பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே அச்சாகி இருக்கிற ஒன்றுக்காகத்தான் வருஷா வருஷம் பதறிக்கொண்டிருந்தேன். நீங்களும் இந்த வருஷத்தை எழுதி வையுங்கள். அடுத்த வருஷத்து வெறும் மாதங்கள் எவை என்று இப்போதே தெரிந்துவிடும்.

பணத்தைப் பிரித்து வைக்கும் பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்மரம் வெட்டுக்காரர். வெட்டினால்தான் சம்பளம், காலையில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், எங்கள் ஊர்க்காரரும் அப்போது அமைச்சருமான துன் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். அப்பாவும் கட்டினார். சம்பள நாள் அன்றே அந்தப் பத்து வெள்ளி போய்விடும். "அது வரவே இல்லன்னு நெனச்சுக்கிட்டுத்தான் சமைப்பேன்" என்பார் அம்மா.

நானும் அதைத்தான் செய்கிறேன். எந்த நிகழ்ச்சிப் பணம் வந்தாலும் அன்று இரவே ஐந்தில் ஒரு பங்கு வேறு வங்கிக் கணக்குக்குப் போய்விடும். அந்தக் கணக்கின் அட்டை என்னிடம் இல்லை, மனைவியிடம் இருக்கிறது. புரட்டாசியிலும் மார்கழியிலும்தான் அது திறக்கும். மாதா மாதம் அரிசி பருப்புக்கு மாணவர்கள். எட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், ஆளுக்கு 60 வெள்ளி. உங்களுக்கு வகுப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதை நிகழ்ச்சிக்கு இரண்டாம் பட்சமாக நினைத்து அடிக்கடி ரத்து செய்யாதீர்கள். வருஷம் முழுக்க உலை வைக்கப்போவது அந்த வகுப்புதான்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில வருஷங்களுக்கு முன் எங்கள் தவில்காரர் திருவிழா முடித்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது மழையில் சறுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மூன்று மாதம் தவிலைத் தொட முடியவில்லை. அவருக்கு எந்தக் காப்பீடும் கிடையாது; நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத்தான் வீட்டு வாடகை கட்டினோம். அதற்கப்புறம் குழுவில் எல்லாரும் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான சொக்சோ (அரசாங்கச் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தோம். கலைத்துறைக்கும் அது உண்டு. நான் எடுத்த பிரிவுக்கு வருஷம் 232 வெள்ளி 80 காசு. ஒரு கல்யாண வாசிப்பில் என் பங்கு அதைவிட அதிகம். ஊழியர் சேமநிதியில் ஐ-சாரான் என்று ஒன்று இருக்கிறது, 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. நீங்களாகப் போடும் பணத்துக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துப் போடுகிறது, வருஷத்துக்கு 500 வெள்ளி வரைக்கும். முதலாளி இல்லாத நமக்கு இந்த இரண்டும்தான் முதலாளி பங்கு மாதிரி. நான் ஐம்பது வயது தாண்டித்தான் சேர்ந்தேன். 26 வயதில் சேருங்கள்.

வீட்டாரிடம் இந்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டுங்கள். என் மாமனார் பேசாமல் போனது அதைப் பார்த்த பிறகுதான்.

கேள்வி: அண்ணே, எங்களுடையது உருமி மேளக் குழு, பத்துப் பேர். "நம்ம பையன்தானே, சும்மா வந்து அடிச்சிட்டுப் போ" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். வெளியார் பாதிப் பணம் கொடுத்துவிட்டு மீதிக்கு அலைய விடுகிறார்கள். கறாராகப் பேசினால் பெயர் கெட்டுவிடுமா? – வாசகர், சுங்கை பட்டாணி

கெடாது தம்பி. பேசாமல் இருந்துவிட்டு அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால்தான் கெடும். எனக்கு அது நடந்திருக்கிறது. ஒரு கல்யாணத்தில் 1,800 வெள்ளி பேசி, 800 முன்பணம் வாங்கினேன். தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் கிளம்பியும் போய்விட்டார்கள். மீதியை வாங்க ஆறு மாதம் நான்கு தடவை போனேன், கடைசியில் 400 கிடைத்தது. ஆனால் என்னோடு வாசித்தவர்களுக்கு அன்றைக்கே முழுசாகக் கொடுத்தாக வேண்டும். இரண்டு தவிலுக்கு 700, இரண்டாம் நாதஸ்வரத்துக்கு 350, தாளத்துக்கு 150, வண்டி எண்ணெயும் டோல் சாலைக் கட்டணமும் 100. முழுப் பணம் வந்திருந்தால் எனக்கு 500 நின்றிருக்கும். அந்தக் கல்யாணத்தில் கையிலிருந்து 100 போட்டு வாசித்தேன்.

அதிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி அனுப்புகிறேன். தேதி, மண்டபம், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு முடிப்போம், எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு, பாதி இப்போது, மீதி நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பு. அவர்கள் "சரி" என்று பதில் போட்ட பிறகுதான் தேதியை நோட்டில் எழுதுவேன். தாலி கட்டும் நேரத்தில் பணம் கேட்க எனக்கு மனம் வராது. அதனால்தான் அந்த மூன்று நாள்.

சொந்தக்காரர்களுக்கு என் வழக்கம் இது: என் வாசிப்பு என் மொய். அதை நான் இலவசமாகக் கொடுக்கலாம். என் தவில்காரரின் கூலியை இலவசமாகக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. "சித்தப்பா, எனக்கு ஒன்றும் வேண்டாம், என்னோடு வரும் நான்கு பேருக்கு மட்டும் கொடுத்துவிடுங்கள்" என்று சொன்னால் இதுவரை யாரும் கோபித்ததில்லை. நீங்கள் பத்துப் பேர், அந்தக் கணக்கை அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள்.

குழுவை, தொழில்களைப் பதிவு செய்யும் அரசாங்க ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிவு செய்துவிடுங்கள். சொந்தப் பெயரில் என்றால் வருஷம் 30 வெள்ளி, குழுப் பெயரில் என்றால் 60. கோயில் நிர்வாகமும் நிறுவனங்களும் விலைப்பட்டியலும் ரசீதும் கேட்கும்போது கொடுக்க முடியும். வருமான வரிக்கு, சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான படிவமான பாரம் பி, ஜூன் 30-க்குள். ரசீதுகளை ஏழு வருஷம் பத்திரமாக வைக்க வேண்டும். தோல் மாற்றிய ரசீதும் அதில் சேரும்.

கேள்வி: நான் இருபது வருஷமாக மிருதங்கம் வாசிக்கிறேன். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் கல்யாண மண்டபங்களில் அதே சினிமாப் பாட்டுகள். கை வாசிக்கிறது, நான் அங்கே இல்லை. விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. – வாசகர், தெலுக் இந்தான்

"கை வாசிக்கிறது, நான் அங்கே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. உங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

2008 வாக்கில் எனக்கும் இப்படித்தான் ஆனது. ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுப்பார்கள். வாசித்தேன், பணமும் வந்தது. ஒரு நாள் வீட்டில் தோடி ராகத்தை எடுத்தால் காந்தார சுரத்தில் நிற்க மூச்சு இல்லை. தோடி என்றால் நாதஸ்வரக்காரர்களுக்குத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. மணிக்கணக்கில் அந்த ஒரு ராகத்திலேயே இருந்தவர். அவர் அளவுக்கு இல்லாவிட்டாலும் பத்து நிமிஷம் நிற்கத் தெரிந்திருந்த எனக்கு, மூன்றாவது நிமிஷமே அடிவயிறு நடுங்கியது. சினிமாப் பாட்டு குட்டிக் குட்டி வரிகள். பல வருஷம் அதையே ஊதி ஊதி என் மூச்சும் அந்த அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது.

நான் இருப்பது தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், ஒட்டு வீடு. விடியற்காலையில் நாதஸ்வரம் எடுத்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை அழும். அதனால் நான் பிறந்த தோட்டத்துக்கே போக ஆரம்பித்தேன். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் எல்லாம் இடிந்து போய், பால்மரம் இருந்த இடம் முழுக்க செம்பனை. மாரியம்மன் கோயில் மட்டும் நடுவில் நிற்கிறது. ஐந்தே முக்காலுக்கு மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் படியில் உட்காருவேன். தூரத்தில் இருக்கும் சிறு தொழுகைக் கூடமான சூராவில் பாங்கு ஓதும் நேரம் அது. ஓதி முடியும் வரை வாத்தியத்தை உறையிலிருந்து எடுப்பதில்லை.

அந்த நேரத்தில் சீவாளி, அதாவது நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சிறு துண்டு, அதன் வேலை நடக்கும். காவிரிக் கரை நாணலில் செய்தது. நம்ம ஊர் ஈரத்துக்கு ஒரு நாள் ஊறிப்போய் வாய் மூடிக்கொள்ளும், குளிரூட்டிய மண்டபத்தில் காய்ந்து விறைக்கும். ஒன்றை எடுத்து நாக்கில் வைத்து நனைப்பேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெதுவாக அமுக்கி, உதடு மாதிரி இருக்கும் அந்த இடைவெளியைப் பார்ப்பேன். அரிசி அளவுக்குத் திறந்திருக்க வேண்டும். குறைந்தால் ஊசியை விட்டு ஒரு திருப்பு. தனியாக அதை மட்டும் ஊதினால் கோழிக்குஞ்சு மாதிரி கத்தும். அந்தக் கத்தலில் பிசிறு இல்லை என்றால் நாதஸ்வரத்தின் மேல்முனைக் குழாயான கெண்டையில் செருகி பூபாளம் ஆரம்பிப்பேன். கேட்க ஆள் இல்லை, பணம் இல்லை, பாட்டுத் தாளும் இல்லை. ஏழு மணிக்கு செம்பனைக் குலை ஏற்றும் லோரி வரும்வரைக்கும் அது என் நேரம்.

தோடி திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆனது. இன்றைக்கும் அந்த நேரத்துக்கு நான் வகுப்பு வைப்பதில்லை, கல்யாணப் பேச்சும் பேசுவதில்லை. இரவு நிகழ்ச்சி முடித்து இரண்டு மணிக்கு வந்திருந்தால் மட்டும்தான் விடுமுறை.

சினிமாப் பாட்டை விடச் சொல்ல மாட்டேன். கேட்பவர்கள் ஆசையாகக் கேட்கிறார்கள், அவர்கள் வீட்டு விசேஷம். ஆனால் முன்பே பேசிவிடுவேன்: விருந்தினர் வந்து அமரும் முதல் இருபது நிமிஷமும், மாலை மாற்றுவதிலிருந்து கெட்டிமேளம் வரையும் என் வாசிப்பு, சாப்பாட்டு நேரத்தில் உங்கள் பாட்டு. போன ஆவணியில் ஈப்போவில் ஒரு மண்டபம். நாற்காலி இன்னும் நிறையவில்லை, கரகரப்ரியா எடுத்தேன். ஒலிபெருக்கி பார்க்கிற பையன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அங்கேயே நின்றான். அந்த நாள் முழுக்க எனக்கு அது போதுமாக இருந்தது.

நீங்கள் நாற்பது நிமிஷத்தில் ஆரம்பியுங்கள். கல்யாணத்தில் ஒருபோதும் தேவைப்படாத ஒரு தாளத்தை எடுங்கள், கண்டசாபு மாதிரி. மாதம் ஒரு தடவை, பௌர்ணமி அன்று, அந்தத் தோட்டக் கோயிலில் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து வாசிக்கிறோம். சம்பளம் கிடையாது, சுண்டல் உண்டு. மிருதங்கம் இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: கலைஞர்களுக்கு மானியம் கிடைக்கிறதாமே, அதை நம்பி முழுநேரமாக இறங்கலாமா? – மாணவர், கூலிம்

செண்டானா என்ற அமைப்பு 2017-இல் தொடங்கியது, மானியங்கள் தருகிறது. விண்ணப்பியுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதத் தயக்கம் என்றால் பழைய பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் போய் உட்காருங்கள், மறுக்க மாட்டார்கள். ஆனால் மானியம் ஒரு புது முயற்சிக்கு, ஒரு தடவை வரும் பணம். வாடகைக்கு அதை நம்ப முடியாது. இதுவரை செய்த நிகழ்ச்சிகளின் படமும் தேதியும் இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. கோயிலில் கேட்டுவிட்டு நாதஸ்வரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். தமிழ்நாட்டிலிருந்து நல்ல வாத்தியமாக வரவழைக்கலாமா? – ஒரு தாய், குளுவாங்

இப்போது வேண்டாம் அம்மா. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம், 2022-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் அது, ஆச்சா மரத்தில் கடைவார்கள். ஒரு நாள் அவனுக்கு அது வேண்டும்தான். ஆனால் முழு நீளப் பாரி நாதஸ்வரத்தில் 11 வயது விரல் கடைசித் துளைகளுக்கு எட்டாது. கோயிலில் வாசிப்பவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் வீட்டில் பழைய குட்டை வாத்தியம் ஒன்று சும்மா கிடக்கும். நான் பழகியதும் அப்படி இரவல் வாங்கியதில்தான், இரண்டு வருஷம்.

செலவு செய்வதானால் சீவாளிக்குச் செய்யுங்கள். ஒரு டஜன் வாங்குங்கள். முதல் ஆறை அவன் கடித்தும் மிதித்தும் உடைப்பான், திட்டாதீர்கள். சத்தம் வர மூன்று வாரம் ஆகலாம். அதுவரை அந்தக் கோழிக்குஞ்சுக் கத்தலை வீட்டில் எல்லாரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளி விடுமுறைக்குப் பேராக் பக்கம் வந்தால் அவனைக் கூட்டி வாருங்கள். கொசுக்கடிக்கு நீளக் கைச் சட்டை போட்டுவிடுங்கள், ஐந்தே முக்காலுக்குப் படியில் இருப்பேன்.