பதிமூணு கண் பாலம் ஏன் பொம்மையாகத் தெரிகிறது?

கேள்வி: "அண்ணாச்சி, எனக்குச் சொந்த ஊர் செங்கோட்டை. இப்போது புனலூரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். மீட்டர் கேஜ் ரயிலில் மலை ஏறி இறங்கியே வளர்ந்தவன். மாடி அறையில் 8 அடிக்கு 4 அடி பலகை போட்டு, ஹெச்ஓ என்ற மாடல் ரயில் அளவில் பதிமூணு கண் பாலம், ஒரு குகை, சின்னதாக ஒரு ஸ்டேஷன் என்று இரண்டு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். நேரில் பார்க்க எனக்குத் திருப்திதான். செல்போனில் படம் எடுத்தால் மட்டும் பொம்மையாகிவிடுகிறது. 'பிறந்தநாள் கேக் மாதிரி இருக்குப்பா' என்கிறாள் மகள். நல்ல கேமரா ஒன்று வாங்கினால் சரியாகுமா?"

பதில்: கேமரா வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு இரண்டு நல்ல இன்ஜின் வரும்.

நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கும் நின்றுகொண்டு எடுத்தவை. உங்கள் கண்ணுக்கும் பலகைக்கும் நடுவே 85 சென்டிமீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெச்ஓ என்றால் 87இல் ஒரு பங்கு. 85ஐ 87ஆல் பெருக்கினால் 74 மீட்டர். அதாவது இருபது மாடிக்கு மேலே நின்று, அந்தப் பாலம் இருக்கும் கழுதுருட்டியைப் பார்க்கிறீர்கள். அந்த உயரத்திலிருந்து நீங்களும் நானும் அந்தப் பாலத்தைப் பார்த்ததே இல்லை. ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறோம், ஜன்னலோரம் உட்கார்ந்து எட்டிப் பார்த்திருக்கிறோம். மனசில் இருக்கும் படத்தோடு ஒட்டாததால்தான் மகளுக்குக் கேக்காகத் தெரிகிறது.

ரோட்டில் நிற்கும் ஆளின் கண் உயரம் ஹெச்ஓவில் 18 மில்லிமீட்டர்தான். செல்போனைத் தலைகீழாகத் திருப்புங்கள். லென்ஸ் இருக்கும் மூலை கீழே வரட்டும். போனின் விளிம்பைப் பலகையில் ஊன்றினால் லென்ஸ் ஏறக்குறைய அந்த உயரத்துக்கு வந்துவிடும். பெரிய கேமராவை இப்படி வைக்கவே முடியாது. இந்த வேலைக்கு உங்கள் போன் லாயக்கானது என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, போனின் சென்சார் சின்னது என்பதால் பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே படத்தில் ஓரளவு தெளிவாக விழும். முன்னும் பின்னும் மங்கி, நடுவில் ஒரு கீற்று மட்டும் தெளிவாக இருந்தால் நம் கண் அதைச் சின்னப் பொருள் என்று தீர்மானித்துவிடுகிறது. நிஜத் தெருவைக்கூட இப்படி மங்கவைத்துப் பொம்மை ஊராக்கிக் காட்டும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதனால் போர்ட்ரெய்ட் மோடு பக்கமே போகாதீர்கள்.

அப்படியும் தூரத்துக் கண்கள் மங்கினால், போனை அசையாமல் முட்டுக்கொடுத்து, 3 விநாடி டைமர் வைத்து, கிட்டத்தில் ஒன்று, நடுவில் இரண்டு, தூரத்தில் ஒன்று என ஃபோகஸை மாற்றி மாற்றி எடுங்கள். ஹெலிகான் ஃபோகஸ் போன்ற மென்பொருள் அவற்றில் தெளிவான பாகங்களை மட்டும் சேர்த்து ஒரே படமாக்கிவிடும். வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு எடுப்பது முக்கியம். இல்லையென்றால் நாலு படமும் நாலு நிறமாக வரும்.

இனி செய்திருக்கும் வேலைக்கு வருவோம். கொஞ்சம் மனசு வருத்தப்படலாம்.

பாலத்தின் கண்களை எண்ணினேன். ஒன்பதுதான் இருக்கின்றன. பலகையைச் சுற்றி ரயில் ஓட வேண்டும், வளைவுக்கு இடம் வேண்டும் என்று சுருக்கியிருப்பீர்கள். மாடல் வேலையில் சுருக்காமல் முடியாதுதான். ஸ்டேஷன் யார்டைப் பாதியாக்கலாம், குகையின் நீளத்தைக் கால்வாசி ஆக்கலாம், ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பெயரிலேயே எண்ணை வைத்திருக்கும் பாலத்தில் கண்ணைக் குறைக்கலாமா? புனலூர்க்காரர் யார் வந்தாலும் 'பதிமூணு கண்ணற' என்று சொல்லிக்கொண்டே எண்ணத்தான் செய்வார்.

நிஜப் பாலத்தின் நீளம் 100 மீட்டரைச் சற்றே தாண்டும். 87ஆல் வகுத்தால் ஏறக்குறைய 118 சென்டிமீட்டர். நாலடி என்பது 122. ஒரு மில்லிமீட்டர்கூடச் சுருக்காமல் முழுப் பாலமும் நாலடிப் பலகையில் உட்கார்ந்துவிடும்! வளைத்து ஓட்டும் ஆசைக்கு அந்த எட்டடிப் பலகை அப்படியே இருக்கட்டும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் 12 எம்எம் மரைன் பிளைவுட் வாங்கிப் பாலத்தை மட்டும் புதிதாகச் செய்யுங்கள். ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தென்காசிச் சாரலும் புனலூர் மழையும் சாதாரணப் பிளைவுட்டை இரண்டே பருவத்தில் உப்பவைத்துவிடும். தனித்துண்டாக ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து ஜல்லி. பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இதுதான். தண்டவாளத்துக்கு அடியில் நீங்கள் கொட்டியிருப்பது மீன்தொட்டிக் கல், 3 மில்லிமீட்டராவது இருக்கும். நிஜத்தில் அது 26 சென்டிமீட்டர் பாறாங்கல். ரயில்வே போடுவது சுமார் 50 மில்லிமீட்டர் ஜல்லி, ஹெச்ஓவில் அது அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். உங்கள் கடையிலேயே கருவி இருக்கிறது. டீ வடிகட்டி ஒன்று, மாவுச் சல்லடை ஒன்று. கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு படி எம் சாண்ட் கேட்டு வாங்கிக் கழுவிக் காயவைத்துச் சலியுங்கள். வடிகட்டியில் இறங்கி, மாவுச் சல்லடையில் தங்குவது மட்டும் நமக்கு. ஆற்று மணலும் கடல்மணலும் உருண்டையாக இருக்கும். எம் சாண்ட் பாறையை உடைத்தது, ஜல்லியைப் போலவே மூலை மூலையாக இருக்கும்.

சலித்ததைப் பரப்பி, காகிதம் சுற்றிய காந்தத்தால் இரண்டு மூன்று முறை தடவுங்கள். நான் பட்ட பாடு இது. நிறம் நன்றாக இருக்கிறதே என்று சவறாப் பக்கத்திலிருந்து ஒரு பை கடல்மணல் அள்ளிவந்தேன். அந்த மணலில் காந்தத்தில் ஒட்டும் கறுப்புத் தாதுவான இல்மனைட் கலந்திருப்பது ஊரறிந்த சங்கதி, எனக்குத்தான் உறைக்கவில்லை. மோட்டாரில் இருந்த காந்தம் கறுப்புத் துகளையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது. அந்த இன்ஜின் அப்புறம் ஓடவே இல்லை. இன்றும் என் ஷெட்டில் 'ரிப்பேருக்கு வந்த வண்டி'யாக நிற்கிறது.

ஜல்லியைப் பிரஷ்ஷால் ஒதுக்கி வரிசைப்படுத்தியபின், பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டு சொட்டு கலந்த தண்ணீரைத் தெளித்து நனையுங்கள். அப்புறம் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுமருந்துக் குழாயால் விடுங்கள். முதலில் நனைக்காவிட்டால் பசை முத்து முத்தாக உருண்டு ஜல்லியையும் கூட்டிக்கொண்டு போகும்.

தண்டவாளத்தின் பக்கவாட்டில் பெயின்ட் இல்லாமல் பளபளவென்று விட்டிருக்கிறீர்கள். துருப்பிடித்த காவி அடியுங்கள், மேற்பரப்பை மட்டும் துடைத்துவிடுங்கள். உங்களிடம் இருப்பது 'கோடு 100' (Code 100) என்ற தண்டவாள ரகம். அதன் உயரம் 2.54 மில்லிமீட்டர், 87ஆல் பெருக்கினால் 221. இன்றைய பிராட் கேஜில் போடும், மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளமே 172 மில்லிமீட்டர்தான். காவி அடித்தால் அந்த அதிக உயரம் கண்ணுக்குப் பாதி மறையும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர். 87ஆல் பெருக்கினால் 1435. மீட்டர் கேஜ் என்றால் 1000, நம் பிராட் கேஜ் 1676. உங்களுடையது இரண்டுமில்லாத ஐரோப்பிய அளவு. புதிய துண்டில் மீட்டர் கேஜ் வேண்டுமென்றால் ஹெச்ஓஎம் என்ற 12 மில்லிமீட்டர் பாதை இருக்கிறது. பெக்கோ, டில்லிக், பெமோ மூன்று கம்பெனியிலும் கிடைக்கும். வரவழைக்கச் செலவாகும், சக்கரங்களையும் மாற்ற வேண்டும். முடியாது என்றால் கவலைப்படாதீர்கள். பாதையின் அகலம் நேருக்கு நேர் எடுத்தால்தான் காட்டிக்கொடுக்கும். பக்கவாட்டில், பாலத்தின் கைப்பிடிச் சுவர் தண்டவாளத்தை மறைக்கிற மாதிரி கீழிருந்து எடுத்தால் அந்தக் கடவுளுக்கும் தெரியாது.

பாலத்துக்கு ஒரே சாம்பல் நிறம் அடித்திருக்கிறீர்கள். 1904 முதல் மழையில் நனைகிற கருங்கல் அப்படி இருக்குமா? தண்ணீராகக் கரைத்த கறுப்புப் பழுப்பை மேலிருந்து வழியவிடுங்கள், கண்களின் அடியில் பாசிப் பச்சை ஒற்றுங்கள், குகை வாசலின் உச்சியில் புகைக்கரி. மாதிரிக்கு இப்போது கழுதுருட்டி போய்ப் படம் எடுத்துவந்தால் ஏமாறுவீர்கள். மீட்டர் கேஜ் 2010இல் நின்றது, பிராட் கேஜ் வண்டி 2018இல் வந்தது, இப்போது மின்கம்பங்களும் வந்துவிட்டன. கல்லுக்கு மட்டும் நிஜத்தைப் பாருங்கள், மற்றதற்குப் பழைய ஆல்பம். ஒய்டிஎம்-4 என்ற மீட்டர் கேஜ் டீசல் இன்ஜின் ஒன்றை முன்னால் போட்டால் பின்னாலும் ஒன்று வேண்டும். அந்த ஏற்றத்தில் பின்னாலிருந்து ஒன்று தள்ளுவது உங்களுக்குத் தெரியாததில்லை.

கடையில் வாங்கிய பச்சைப் புல்விரிப்பைப் பிய்த்தெறியுங்கள், கேக் என்று மகள் சொன்னது அதைத்தான் என்று நினைக்கிறேன். ஸ்பாஞ்சை நாலைந்து மங்கிய பச்சையில் நனைத்துக் காயவைத்துப் பழைய மிக்ஸியில் அரைத்தால் இலைத்தூள் தயார் (வீட்டு மிக்ஸியைத் தொட்டால் நான் பொறுப்பில்லை). காய்ந்த மாம்பூக் கொத்தின் காம்புகள் மரத்தின் கிளைபோலவே பிரிந்திருக்கும். நீர்த்த ஃபெவிகாலில் முக்கி எடுத்துத் தூளைத் தூவுங்கள். தூரத்து மரங்களுக்கான பச்சையில் கொஞ்சம் வெள்ளையும் நீலமும் கலந்திருக்கட்டும்.

வெளிச்சம். உங்கள் படத்தில் இன்ஜினுக்கு மூன்று நிழல் விழுகிறது. இரண்டு டியூப்லைட், ஒரு ஜன்னல். மேலே இருக்கும் சூரியன் ஒன்றுதானே! விளக்குகளை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். சாரல் நேரத்துச் சாயல் வேண்டுமானால் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள், நிழலெல்லாம் கரைந்து மேகமூட்டம் வந்துவிடும். பாதைக்குப் பக்கத்து மண்ணில் அங்கங்கே பளபளப்பு வார்னிஷ் ஒற்றினால் மழை இப்போதுதான் விட்டமாதிரி இருக்கும்.

தனித்துண்டாகச் செய்யச் சொன்னதற்கு வருகிறேன். நாலடித் துண்டை இரண்டு பேர் பிடித்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்விடலாம். காலை எட்டு மணிக்கு ஒரு மேஜைமேல் வைத்து, பின்விளிம்பை மாம்பூ மரங்களால் மறைத்து, போனைத் தலைகீழாக ஊன்றிப் பாருங்கள். பின்னால் இருப்பது நிஜ வானம், நிஜ மலை. நிழல் ஒன்றே ஒன்று. தூரத்து மலை நீலமாக மங்குவதை எந்தப் பெயின்டும் அவ்வளவு சுத்தமாகக் கொண்டுவராது. பலகையை ஏற்றி இறக்கி, மலையின் அடிவாரமும் உங்கள் மரங்களின் உச்சியும் ஒன்றோடொன்று தொடும்படி வைப்பதில்தான் பாதி நேரம் போகும். அதற்குப் பொறுமை வேண்டும்.

இன்ஜினையும் பெட்டிகளையும் பலகைமேல் வைத்தே தூக்காதீர்கள், தனியாக ஒரு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். பத்து மணிக்குள் கீழே இறக்கிவிடுங்கள். வெயில் ஏறினால் தண்டவாளத்துக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டைகள் நெளியும்.