கையால் தோட்டா தயாரித்துத் துல்லியம் கூட்டுவது: புதிதாகச் சுடப் பழகுபவர் எங்கே தொடங்குவது?

கேள்வி கேட்ட தம்பி மன்னார்குடிப் பக்கம் என்று போட்டிருக்கிறார். ஏர் ரைஃபிள் பழகுகிறாராம். வெளிநாட்டில் ஆட்கள் காலிக் கேஸில் (தோட்டாவின் பித்தளைக் கூடு) வெடிமருந்தை நிறுத்துக் கொட்டி, மேலே குண்டைச் செருகி, ஆயிரம் கஜத்தில் அடிக்கிற வீடியோக்களைப் பார்த்திருக்கிறார். அதைக் கற்றுக்கொள்ள எதை முதலில் வாங்குவது என்பது கேள்வி. 2022 ஜூலையில் அஜித் திருச்சிக்கு வந்து மாநிலப் போட்டியில் சுட்டுவிட்டுப் போனதிலிருந்து டெல்டாவில் இந்த ஆசை பலருக்கு இருக்கிறது. தப்பில்லை. நானும் காலேஜ் படிக்கிற பையன் இல்லை, நெல்லும் உளுந்தும் போடுகிறவன், நடுவயதில்தான் இதற்குள் வந்தேன்.

எதையும் வாங்காதீர்கள் தம்பி. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5 படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷம். ‘யூடியூபில் எல்லாரும் செய்யிறாங்களே’ என்று ஸ்டேஷனில் சொல்லிப் பார்க்க முடியாது. இன்னொன்று, நீங்கள் ஏர் ரைஃபிளுக்கு அடுத்து போகப்போவது .22 என்கிற சின்னத் தோட்டா ரைஃபிள். அதில் பிரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தனியாகக் கிடையாது. கேஸின் விளிம்புக்குள்ளேயே பற்றவைக்கும் மருந்தைப் பூசி அடைத்துவிடுகிறார்கள். சுட்டு முடித்த கேஸைத் திரும்ப நிரப்பி உபயோகிக்கிற பேச்சே அதில் இல்லை. ஒலிம்பிக்கில் 50 மீட்டர் அடிக்கிறவர்கள்கூட கம்பெனித் தோட்டாவைத்தான் சுடுகிறார்கள்.

ஆனால் உங்கள் கேள்வியைத் தூக்கிப்போட எனக்கு மனசில்லை. ஏனென்றால் வீடியோவில் நீங்கள் பார்த்து மயங்கியது மருந்தை அல்ல, அந்த நுணுக்கத்தை. அந்த நுணுக்கத்தை முழுசாக, சட்டத்துக்குள் இருந்தபடியே, நானூத்திச் சொச்சம் மில்லிமீட்டர் நீளக் குழலும் ஈயப் பெல்லட்டும் (ஏர் ரைஃபிளில் போடும் சின்னக் குண்டு) வைத்துக் கற்றுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் கற்றேன். 4.5 மி.மீ. உள்விட்டக் குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் ஏர் ரைஃபிளுக்கு உரிமமே வேண்டாம். போட்டி ரைஃபிள் 0.53 கிராம் பெல்லட்டை விநாடிக்கு ஏறக்குறைய 170 மீட்டரில் தள்ளும். கணக்குப் போட்டால் எட்டு ஜூல்கூட வராது.

‘ஏர் கன் சுடுறவன் லாங் ரேஞ்ச் பத்திப் பேச வந்துட்டான்’ என்று எழுதக் கை துறுதுறுக்கிறவர்களுக்கு: என் மச்சான் (மனைவியின் தம்பி) டெக்சாஸில் இருக்கிறார், பல வருஷமாகத் தோட்டாவைத் தானே நிரப்பிச் சுடுகிறவர். அங்கே அது சட்டப்படி சரி. ஊருக்கு வரும்போது துணிமணி கொண்டு வருகிறாரோ இல்லையோ, நோட்டைக் கொண்டு வருவார். ஒரே லாட்டில் (ஒரே தடவையில் தயாரித்த சரக்கு) வாங்கிய கேஸ், அதே பிரைமர், ஒவ்வொரு தோட்டாவுக்கும் நிறுத்த மருந்து, குண்டு எவ்வளவு ஆழம் உட்கார்ந்திருக்கிறது, குழலை விட்டு வெளியே வந்த வேகம், எல்லாம் கட்டம் கட்டி எழுதியிருக்கும். புத்தகத்தில் போட்டிருக்கும் மிகக் குறைந்த அளவில் தொடங்கித்தான் மேலே போவார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவார்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், .308 மாதிரி பெரிய ரைஃபிள் தோட்டாவில் வேகம் விநாடிக்கு எட்டு மீட்டர் கூடக்குறைய இருந்தால் ஆயிரம் கஜத்தில் ஏறத்தாழ ஒரு சாண் மேலோ கீழோ போய்விடும். அங்கே எஃப்-கிளாஸ் (படுத்து, முட்டுக் கொடுத்துச் சுடுகிற நெடுந்தூரப் போட்டி) தாளில் பத்து வளையத்தின் விட்டமே 10 அங்குலம். சரி. ஆனால் மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்று அதே குண்டை இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளிவிடும் என்பதையும் மச்சானே சொல்வார். ஆடி மாசத்தில் வரப்பில் நின்றவனுக்கு அந்தக் காற்றெல்லாம் ஒரு காற்றா! காற்றைப் படிக்கத் தெரியாதவன் சாணைக் குறைக்கப் பாடுபட்டு ஆளுயரத்தைக் கோட்டை விடுவான்.

ஒரு தடவை அவர் நோட்டில் ஒரு இடத்தைக் காட்டினார். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகும்போது ஒரு இடத்தில் வேகம் கூடாமல் அப்படியே நின்றது. அதுதான் அந்தத் துப்பாக்கிக்குப் பிடித்த இடம் என்றார். ஒவ்வொரு அளவுக்கும் எத்தனை சுட்டீர்கள் என்று கேட்டேன். ஒன்றோ இரண்டோ. அதையே பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள் மாப்பிள்ளை என்றேன். அங்கே போய்ச் சுட்டுப் பார்த்துவிட்டு போன் பண்ணினார், அந்த இடத்தைக் காணோம். எனக்கு இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன், இதுவரை சொன்னதெல்லாம் முன்னுரை.

நான் பழகும் இடத்தில் ஒரு சீனியர். நன்றாகச் சுடுவார், அதில் மறுபேச்சில்லை. பெல்லட்டை ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரிக்காமல் போட்டிக்குப் போகிறவன் முட்டாள் என்று புதிய பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு பிள்ளை அப்பாவை நச்சரித்து எலக்ட்ரானிக் தராசு வாங்க வைத்தது. அந்தக் குடும்பத்துக்கு அந்தக் காசு சாதாரணம் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கும்பகோணத்தில் நகைப் பட்டறை வைத்திருக்கும் என் சிநேகிதனிடம் போனேன். அவன் தராசு ஒரு மில்லிகிராம் வரை காட்டும். 500 பெல்லட் இருக்கும் டின் ஒன்றைக் கொடுத்து, எடை வாரியாகப் பிரித்து, எந்தப் பொட்டலம் எது என்று எனக்கே தெரியாதபடி அவனுக்கு மட்டும் புரிகிற குறி போடச் சொன்னேன். சிலதைப் பிரிக்காமல் கலந்தபடியே போடச் சொன்னேன். கூடவே இன்னொரு பேட்ச் டின், தலை அளவு (பெல்லட் முனையின் விட்டம், மி.மீ.) 4.49, 4.50 என்று வேறு வேறாக இருக்கிற டின்கள், எல்லாமே குறி மட்டும் போட்ட பொட்டலங்களாக.

ரைஃபிளை வைஸில் கட்டிச் சுட்டோம். கையில் பிடித்துச் சுட்டால் அது என் நெஞ்சுத் துடிப்பைச் சோதித்தது ஆகும், பெல்லட்டை அல்ல. பத்துப் பத்தாகச் சுட்டு, தாளில் குறியை மட்டும் எழுதி, எல்லாம் முடிந்த பிறகுதான் சிநேகிதனைப் பட்டியலைப் பிரிக்கச் சொன்னேன். எடை பார்த்துப் பிரித்ததற்கும் பிரிக்காததற்கும் என் ரைஃபிளில் வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பேட்ச் மாறினால் கண்ணுக்கே தெரிந்தது. தலை அளவு மாறினாலும் தெரிந்தது. ஒரு பேட்ச் ஒரே துளையாகப் போட்ட இடத்தில் இன்னொரு பேட்ச் துளையைப் பிய்த்து வைத்திருந்தது. பத்து மீட்டர் தாளில் பத்து வளையம் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, அங்கே இது சின்ன விஷயம் இல்லை.

சீனியரிடம் தாள்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘உங்க ரைஃபிள் அப்படி’ என்றார். இருக்கலாம்! அதைத்தானே நானும் சொல்கிறேன். உங்கள் குழலில் எது ஓடுகிறது என்பதை உங்கள் குழல்தான் சொல்லும், அடுத்தவன் வாய் சொல்லாது. தோட்டாக் கம்பெனிகளான எலியும் (Eley) லப்புவாவும் (Lapua) .22க்கு லாட் சோதிக்கவென்றே சுரங்கம் கட்டி வைத்து, ஆட்கள் தங்கள் ரைஃபிளோடு வந்து சுட்டுப் பார்த்து லாட்டைப் பொறுக்கிப் போக விடுவது இதற்காகத்தான்.

தராசு என்றதும் இன்னொன்று. எங்கள் பக்கம் ஒரு நெல் வியாபாரி, பேர் வேண்டாம், களத்துக்கு அவர் தராசோடுதான் வருவார். நம்மிடம் இருக்கும் தராசில் வைக்கலாம் என்றால் முகம் மாறிவிடும். மூட்டைக்கு ஒரு கிலோ எங்கே போகிறது என்று கேட்டால் ‘ஈரப்பதம்’ என்பார். ஈரப்பதத்துக்கு விலையிலும் பிடிப்பார், எடையிலும் பிடிப்பார். பெல்லட்டில் மில்லிகிராம் பார்க்கிற நான் என் சொந்த நெல்லில் ஒரு கிலோவுக்கு வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், மழை வருகிற நேரத்தில் வேறு என்ன செய்வது? இதற்கும் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, தெரியும்.

தம்பிக்கு வருகிறேன். மூன்று சூட்டுக் குரூப்பை (மூன்று முறை சுட்டுத் தாளில் விழுந்த துளைக் கூட்டத்தை) நம்பாதீர்கள். இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் செய்ய மாட்டேன். ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, எதுவும் மாறவில்லை என்றாலும் மூன்று சூட்டுக் குரூப்பின் சராசரி அகலம் பத்து சூட்டுக் குரூப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். மூன்று மூன்றாகச் சுட்டுக்கொண்டே இருந்தால் எப்போதாவது ஒன்று அழகாக விழும். அதைப் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். நீங்கள் பார்த்த வீடியோக்களில் பாதி அதுதான்.

பெல்லட்டை இரண்டு மூன்று தலை அளவில் ஒவ்வொரு சின்ன டின் வாங்குங்கள். கிளப்பில் வைஸ் இருந்தால் கேட்டுக் கட்டிச் சுடுங்கள். யாராவது ஒருவரைக் குறி மாற்றிப் போட வைத்து, உங்களுக்குத் தெரியாமல் சோதியுங்கள். பிடித்துப்போன பேட்ச் எண்ணைப் பார்த்து அதிலேயே சீசனுக்கு வேண்டியதை மொத்தமாக எடுத்துவிடுங்கள், அடுத்த மாதம் கடையில் வேறு பேட்ச் இருக்கும். கடல் பக்கத்து ஊர் என்றால் டின்னைத் திறந்து போடாதீர்கள், உப்புக் காற்றில் ஈயம் வெள்ளையாகப் பூத்துவிடும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடக் கூடாது, அது ஈயம்.

இதையெல்லாம் ஒழுங்காக நோட்டில் எழுதிப் பழகினால், நாளைக்கே நீங்கள் மச்சான் மாதிரி வெளிநாடு போய் உரிமையோடு தோட்டா நிரப்ப உட்கார்ந்தாலும் புதிதாகக் கற்க வேண்டியது மருந்தும் அதன் ஆபத்தும்தான். சோதிக்கிற முறை கையில் இருக்கும். அதற்குள் காசு மிச்சம் இருந்தால் சுடும்போது போடுகிற நல்ல ஜாக்கெட் வாங்குங்கள், தராசு வேண்டாம்.

எடை பார்த்தே ஆக வேண்டும் என்று பின்னூட்டத்தில் சண்டைக்கு வருகிறவர்கள் பொட்டலம் மாற்றிச் சுட்ட தாளோடு வரவும். தாள் இல்லாமல் வருகிறவர்களுக்குப் பதில் எழுத மாட்டேன், குறுவை அறுப்பு கிடக்கிறது.