மகள் போலந்து போகிறேன் என்கிறாள்

அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.காம். முடித்து, சென்னையில் ஒரு ஷேர்டு சர்வீஸ் சென்டரில், அதாவது வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்கு வேலையை மொத்தமாகச் செய்துதரும் மையத்தில், இரண்டு வருஷமாக அக்கவுண்ட்ஸ் பேயபிள் (சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டிய பில் கணக்கு) பார்க்கிறாள். இப்போது போலந்தில் லோட்ஸ் என்ற ஊரில் நிதி, கணக்கியல் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஏஜென்ட் "வேலை கேரண்டி" என்கிறார். கோவை மில்லில் இருபது வருஷம் ஓட்டி, மில் மூடியதும் வெளியே வந்த உங்கள் வீட்டுக்காரர், "அது பழைய கம்யூனிஸ்ட் நாடு, அங்கே என்ன கிடக்கு" என்கிறார். நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டு முழிக்கிறீர்கள்.

முதலில் ஊர்ப் பெயர். எழுத்தைப் பார்த்தால் லோட்ஸ் என்றுதான் வாசிக்கத் தோன்றும். அந்த ஊர்க்காரர்கள் சொல்வது 'வூச்'. படகு என்று அர்த்தம். விசா நேர்காணலுக்குப் போகும் முன் மகள் இதையாவது சரியாகச் சொல்லப் பழகட்டும். படிக்கப் போகும் ஊரின் பெயரையே தெரியாமல் போய் உட்கார்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் அந்த ஊரை எவ்வளவு சரியாகப் புரிந்துகொள்வார் என்று அவருக்கே தெரியாது. வூச் ஒரு மில் ஊர். கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோமே, அதே மாதிரி அதற்குப் போலந்தின் மான்செஸ்டர் என்று பேர். 19ஆம் நூற்றாண்டில் செங்கல் செங்கலாக எழுப்பிய நூற்பாலைகள், நெசவாலைகள். கம்யூனிச ஆட்சியிலும் ஊர் முழுக்கத் தறிச் சத்தம்தான், வேலை பார்த்ததில் பெரும்பகுதி பெண்கள். 1971 பிப்ரவரியில் அந்தப் பெண்கள் தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். அரசு ஏற்றியிருந்த உணவு விலையைத் திரும்பக் குறைக்க வைத்த பிறகுதான் எழுந்தார்கள்.

அப்புறம் 1989 வந்தது, ஆட்சி மாறியது. 1990 ஜனவரி 1 முதல் நிதியமைச்சர் பால்செரோவிச் விலைக் கட்டுப்பாடுகளை ஒரேயடியாக எடுத்தார், இறக்குமதிக்குக் கதவைத் திறந்தார். அந்த வருஷம் விலைவாசி ஏறியது கிட்டத்தட்ட 600 சதவீதம். மறு வருஷமே சோவியத் சந்தை இல்லாமல் போனது. வூச் நெய்த துணியை வாங்கிக்கொண்டிருந்த ஆளே காணோம். மில்கள் வரிசையாக மூடின. நாடு 1992இலேயே மறுபடி வளர ஆரம்பித்துவிட்டது என்று புள்ளிவிவரம் சொல்லும். ஐம்பது வயதில் வேலை போன நெசவாலைப் பெண்ணுக்கு அந்தப் புள்ளிவிவரத்தால் என்ன பயன் என்று உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். பத்து வருஷம் கழித்து, 2002, 2003இல் கூட நாட்டில் ஐந்து பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. 1980களின் கடைசியில் எட்டரை லட்சம் பேர் இருந்த ஊரில் இன்று ஏறக்குறைய ஆறரை லட்சம் பேர்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2004 மே 1 அன்று போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. சட்டமும் நீதிமன்றமும் ஒப்பந்த முறையும் மேற்கு ஐரோப்பா மாதிரியே ஆக வேண்டும் என்ற கட்டாயம், பக்கத்திலேயே ஜெர்மனி, படித்த ஆட்கள், குறைந்த சம்பளம். இவை நான்கும் ஒன்றாகச் சேர்ந்தால் தொழிற்சாலை தானாக வரும். 1990இல் போலந்தும் உக்ரைனும் வருமானத்தில் ஏறக்குறைய ஒரே படியில்தான் இருந்தன. ரஷ்யா உக்ரைனில் போர் தொடங்கும் முன்பே போலந்து பல மடங்கு மேலே போய்விட்டது. இரண்டுமே பழைய கம்யூனிஸ்ட் நாடுதான், ஆனால் போலந்துக்கு ஒன்றியத்துக்குள் போகும் வழி திறந்திருந்தது. அதனால் "கம்யூனிஸ்ட் நாடு" என்ற ஒரு வார்த்தையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

ஒன்றியத்தில் சேர்ந்தபோது விலைவாசி வித்தியாசத்தைக் கழித்த பிறகு போலந்தின் தலா வருமானம் ஒன்றிய சராசரியில் பாதி. இப்போது எண்பது சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. இருபது வருஷத்தில் இது சாதாரணமல்ல. இன்னொரு கணக்கும் சொல்கிறேன், இதுதான் மகளுக்கு முக்கியம். 2004இல் அங்கே மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 824 ஸ்லோட்டி (போலந்து நாணயம்). 2026 ஜனவரியில் 4,806. நம் ரூபாயில் லட்சத்தைத் தாண்டும், ஆனால் வரியும் பிடித்தமும் போகத்தான் கையில் வரும். இந்த ஏற்றத்தைப் பார்த்து மகள் சந்தோஷப்படுகிறாள். நான் கொஞ்சம் கவலைப்படுகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

2009 ஜனவரியில் டெல் நிறுவனம் அயர்லாந்தின் லிமெரிக்கில் கம்ப்யூட்டர் செய்வதை நிறுத்தி, அந்த வேலையை வூச்சுக்கு மாற்றுவதாக அறிவித்தது. லிமெரிக்கில் 1,900 பேருக்கு வேலை போனது. அயர்லாந்தில் சம்பளம் ஏறியிருந்தது, வூச்சில் அதைவிட வெகு குறைவு, அதுதான் முக்கியக் காரணம். 2024 செப்டம்பரில் வூச்சில் இருக்கும் தன் அடுப்பு, துணி உலர்த்தி ஆலையை மூடப் போவதாக வீட்டு உபயோகப் பொருள் நிறுவனமான பெக்கோ அறிவித்தது. பதினைந்து வருஷம்தான். ருமேனியாவிலும் இதே கதை: ஜெர்மனியின் போஹும் ஊரில் மூடி 2008இல் குளூஜ் பக்கம் வந்த நோக்கியா, 2011இல் அங்கிருந்தும் கிளம்பியது. ஸ்ரீபெரும்புதூரில் இருந்த அதே நோக்கியா ஆலைக்கு 2014இல் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

பின்தங்கிய நாடு எட்டிப் பிடிக்கிறது என்றால் சம்பள வித்தியாசம் சுருங்குகிறது என்று அர்த்தம். எந்த வித்தியாசத்தைப் பார்த்து வேலை அங்கே வந்ததோ, அதுவே கரைகிறது. கரைந்த பிறகும் ஊரில் நிற்கும் வேலை எது என்று பார்த்துப் பிடித்தவர்கள் பிழைத்தார்கள்.

சரி, உங்கள் மகளின் வேலைக்கு வருவோம். 2007இல் பிலிப்ஸ் தன் கணக்கு வேலை மையங்களை இன்ஃபோசிஸ் பி.பி.ஓ.விடம் கொடுத்தது. அந்த மையங்கள் இருந்த ஊர்கள்: வூச், பாங்காக், சென்னை. அதாவது அம்மா, உங்கள் மகள் சென்னையில் இருந்து பார்க்கும் வேலையும் வூச்சில் கிடைக்கப் போகும் வேலையும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். போலந்து முழுக்க இந்த மாதிரி மையங்களில் நாலு லட்சத்துக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள். கிராக்கோவ், வ்ரோட்ஸ்வாஃப், வார்சா, வூச். ஏஜென்ட் காட்டும் வேலை எண்ணிக்கை பொய் இல்லை.

அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். அங்கே சம்பளம் ஏறியதால், இன்வாய்ஸ் எடுத்துப் பதிவது, வெண்டருக்குப் பதில் போடுவது மாதிரி வேலைகள் இப்போது போலந்தில் இருந்து இந்தியாவுக்கு வந்துகொண்டிருக்கின்றன. இருபது லட்சம் கடன் வாங்கி மகள் வூச்சுக்குப் போய், அவள் விட்டுவிட்டு வந்த நாற்காலிக்கே அந்த வேலை சென்னைக்கு வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்? சிரிக்கத் தோன்றும். வட்டி கட்டுகிறவருக்குச் சிரிப்பு வராது.

அப்படியென்றால் போகவே வேண்டாமா? இல்லை. எதற்குப் போகிறாள் என்பதை மாற்ற வேண்டும். அந்த மையங்கள் போலந்தில் ஏன் இன்னும் நிற்கின்றன என்று பாருங்கள். ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து வாடிக்கையாளருடன் அவர்கள் மொழியிலேயே, அவர்கள் நேரத்திலேயே பேசும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். வேலை விளம்பரங்களை எடுத்துப் பார்த்தால் பதவிப் பெயருக்குப் பக்கத்திலேயே "ஜெர்மன் தெரிந்தவர்", "பிரெஞ்சு தெரிந்தவர்" என்று போட்டிருக்கும், அதற்குத் தனியாகச் சம்பளமும் கூட. ஆங்கிலத்தை யாரும் தகுதியாகக் கணக்கில் எடுப்பதில்லை, அது எல்லோரிடமும் இருக்கிறது. மொழிக்கு அடுத்தது மாத முடிவுக் கணக்கு, குழும ஒருங்கிணைப்பு (ஒரு குழுமத்தின் எல்லாக் கம்பெனிக் கணக்கையும் ஒன்றாகச் சேர்ப்பது), ஐ.எஃப்.ஆர்.எஸ். என்ற சர்வதேசக் கணக்கு விதிகள், வரி. இவை சட்டென்று இடம் மாறாது.

ஆகவே நான் சொல்வது: இந்த அக்டோபரில் சேர வேண்டாம். அடுத்த அக்டோபருக்குத் தள்ளச் சொல்லுங்கள், பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மறுபடி விண்ணப்பிக்கலாம். இந்த ஒரு வருஷம் சென்னை வேலையிலேயே இருக்கட்டும், சம்பளமும் வரும். மாலையில் மேக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன், முதல் படியான ஏ1இல் ஆரம்பித்து வருஷக் கடைசியில் மூன்றாம் படியான பி1 முடித்தால் அபாரம், ஏ2 முடித்தாலும் மோசமில்லை. இப்போதைய ஆபீசிலேயே பேயபிளை விட்டு ஜெனரல் லெட்ஜர் (கம்பெனியின் மொத்தப் பேரேடு) பக்கம் மாற்றிக் கேட்கட்டும். முடியாது என்றால் முடியாது, கேட்பதில் தப்பில்லை.

போலிஷ் மொழியும் வேண்டும். படிப்பு ஆங்கிலத்தில்தான் என்று ஏஜென்ட் சொல்வார். படிப்பு ஆங்கிலத்தில், ஆனால் வீட்டு ஓனர், டாக்டர், வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் எல்லாம் போலிஷில். பின்னால் நீண்டகாலக் குடியிருப்பு அனுமதி வேண்டுமென்றால் போலிஷில் பி1 சான்றிதழ் கேட்பார்கள். அந்த மொழியில் ஏழு வேற்றுமை என்று ஐரோப்பியப் பிள்ளைகள் புலம்புவார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் எட்டு வேற்றுமையை மனப்பாடம் செய்து வந்தவர்கள், இதற்குப் பயப்பட வேண்டாம்.

கல்லூரி விஷயத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2022இல் ஒரு பையன் வந்தான், இதே மாதிரி போலந்துதான். நாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன், எந்தக் கல்லூரி என்று சரியாகப் பார்க்கவில்லை. சின்னத் தனியார் கல்லூரி, சனி ஞாயிறு மட்டும் வகுப்பு. மற்ற நாளெல்லாம் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி. பனி பெய்யும்போது எடுத்த ஒரு போட்டோ அனுப்பினான், முதுகில் சதுரப் பை, புருவத்தில் பனி. கீழே "சார், ஃபைனான்ஸ் மேனேஜ்மென்ட்" என்று எழுதியிருந்தான். அதிலிருந்து நாட்டைப் பற்றிப் பேசும் முன் கல்லூரிப் பெயரைத்தான் கேட்கிறேன். போலந்தில் 2023இல் விசா கொடுப்பதில் லஞ்ச ஊழல் வெடித்த பிறகு கெடுபிடியும் கூடியிருக்கிறது. பெயர் தெரியாத கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தைத் தூதரகம் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

மகளுக்குக் கிடைத்திருப்பது பொதுப் பல்கலைக்கழகமா, தனியாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. வூச்சில் 1945இல் தொடங்கிய இரண்டு பொதுப் பல்கலைக்கழகங்கள் உண்டு, ஒன்று தொழில்நுட்பம். அவற்றில் ஒன்று என்றால் தைரியமாகப் பேசலாம். பொதுப் பல்கலைக்கழகங்களில் ஆங்கில வழி முதுகலைக் கட்டணம் பெரும்பாலும் வருஷத்துக்கு 2,000 முதல் 4,000 யூரோ. ஏஜென்ட் சொன்ன தொகை இதற்கு வெகு மேலே இருந்தால், மிச்சம் யார் பைக்குப் போகிறது என்று கேளுங்கள். வேலை கேரண்டியை லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்.

வீட்டுக்காரரிடம் ஒன்று காட்டுங்கள். இஸ்ரேல் போஸ்னான்ஸ்கி என்ற முதலாளியின் பழைய நூற்பாலை 2006இல் 'மனுஃபாக்டுரா' என்ற பெரிய மாலாக மாறியது. அதே செங்கல் சுவர், உள்ளே துணிக்கடை, சினிமா, சாப்பாட்டுக்கடை. போன் இருந்தால் படம் கிடைக்கும். தான் வேலை பார்த்த மில் இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்று அவர் சொல்ல ஆரம்பிப்பார். அப்போது மகளும் பக்கத்தில் உட்காரட்டும். வேலை போவதற்கு முந்தின வருஷம் மில்லில் என்னென்ன அறிகுறி தெரிந்தது என்று அவரைத்தான் அவள் கேட்க வேண்டும், என்னை இல்லை.

அடுத்த முறை மூன்று பேருமாக வாருங்கள். சேர்க்கைக் கடிதம், பாடத்திட்டம், ஏஜென்ட்டுக்குக் கொடுத்த முன்பணத்தின் ரசீது, மூன்றையும் எடுத்து வாருங்கள். ரசீதே தரவில்லை என்றால் வருவதற்கு முன் போன் செய்யுங்கள், அதை முதலில் பார்த்துவிடலாம்.