0.7 மில்லிமீட்டர் படத்துக்கு எந்த செட்டிங்?

கேள்வி: வணக்கம் மேடம். நான் பிஎச்.டி. மாணவன். என்னிடம் 24 பேருடைய மூளை எம்.ஆர்.ஐ. டி1 படங்கள் (மூளையின் அமைப்பைக் காட்டும் வகை) 0.7 மி.மீ. வோக்சலில், அதாவது 0.7 மி.மீ. கட்டங்களில், இருக்கின்றன. இன்னும் 10 பேருடையது பழைய முறையில் 1 மி.மீ.யில் எடுத்தது. மூளைப் படத்தை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளில் சாதாரணமாக ஓட்டினால் எல்லாமே முடிகிறது. நுணுக்கமான படத்துக்கான 'ஹைரெஸ்' செட்டிங் போட்டால் ராத்திரி முழுக்க ஓடுகிறது, மூன்று பேருடையது பாதியிலேயே நின்றுவிட்டது. மூளையின் மேலடுக்கான புறணியின் தடிமன்தான் என் ஆய்வு. 34 பேரையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறார் என் கைடு. ஹைரெஸ் போடலாமா, வேண்டாமா?
— ஆய்வு மாணவர், காட்பாடி

பதில்: தம்பி, கட்டளையைத் தொடுவதற்கு முன்னால் அந்த 0.7 நிஜமான 0.7 தானா என்று பார்த்துவிடுங்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் வெளியிலிருந்து எனக்கு 12 பேருடைய படங்கள் வந்தன. ஃபைலில் 0.5 மி.மீ. என்று இருந்தது. சந்தோஷமாக ஹைரெஸ் போட்டு ஒரு வாரம் ஓட்டினேன். மடிப்புகளின் விளிம்பு மழமழவென்று வந்ததே தவிர, பள்ளத்துக்குள் புதிதாக எதுவும் தெரியவில்லை. பிறகு ஸ்கேன் விவரங்கள் பதிவாகியிருக்கும் டைகாம் ஃபைலின் தலைப்பில் 'அக்விசிஷன் மேட்ரிக்ஸ்' வரியைப் பார்த்தேன். 256 மி.மீ. பரப்பை 256 கட்டமாகத்தான் எடுத்திருக்கிறார்கள். அதாவது 1 மி.மீ. மெஷின்தான் அதை 512 ஆக நிரப்பிக் கொடுத்திருக்கிறது. பாலில் தண்ணீர் ஊற்றினால் படி கூடும், பால் கூடாது. உங்கள் 24 பேருக்கும் அந்த வரியைப் பாருங்கள். ஒருவருக்குப் பார்த்துவிட்டு விடாதீர்கள்.

நிஜமான 0.7 என்றால், சாதாரணமாக ஓட்டும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மென்பொருள் படத்தை 1 மி.மீ. கட்டங்களாக, பக்கத்துக்கு 256 என்று மாற்றிக்கொண்டுதான் வேலையையே தொடங்கும். நீங்கள் பாடுபட்டு எடுத்த நுணுக்கம் முதல் படியிலேயே போய்விடுகிறது. ஹைரெஸ் போட்டால் 0.7 அப்படியே இருக்கும். புறணியின் சராசரித் தடிமன் சுமார் 2.5 மி.மீ.தான். அதற்குள் இரண்டரைக் கட்டமா, மூன்றரைக் கட்டமா என்பது சின்ன விஷயம் இல்லை.

என் அப்பா ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் இருந்தார். கேஜை வைத்துத் தோலின் தடிமன் பார்ப்பது அவர் வேலை. முதுகுப் பக்கத்தில் யாரும் தப்பு பண்ண மாட்டார்கள், வயிற்றுப் பக்கம் மெலிந்து தொளதொளவென்று இருக்கும், அங்கேதான் கை நிதானம் வேண்டும் என்பார். நான் மூளைப் படம் பார்க்கும்போதும் அதே பழக்கம்தான். நேராகப் பின்மண்டையில் கால்கரைன் என்ற மடிப்புப் பள்ளத்துக்குப் போய்விடுவேன். அங்கே புறணி மெல்லியது, நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையான மயலினும் அதிகம். புறணிக்கு உள்ளே இருக்கும் வெண்பொருள் எங்கே முடிகிறது என்று கண்ணுக்கே குழப்பும். அடுத்தது நடுப்பள்ளம், அப்புறம் பொட்டு மடலின் நுனி. முதல் வேலையாக நான்கு பேரை மட்டும் இரண்டு விதமாகவும் ஓட்டி, படம் பார்க்கும் மென்பொருளான ஃப்ரீவியூவில் அந்த மூன்று இடங்களிலும், புறணிக்கு மென்பொருள் போட்ட எல்லைக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஹைரெஸ் கோடு பள்ளத்தின் அடிவரை போய், சாதாரணக் கோடு பாதியில் நின்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஹைரெஸ் கோடு பல் பல்லாக நடுங்கினால் படத்தில் இரைச்சல் அதிகம் என்று அர்த்தம். 0.7 கட்டத்தின் கன அளவு 0.343, 1 மி.மீ. கட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான். சிக்னலும் அதே விகிதத்தில் குறையும். அதை எந்த செட்டிங்கும் திருப்பித் தராது.

ஹைரெஸ் போடுகிறீர்கள் என்றால் கூடுதல் செட்டிங்குகளுக்கான 'எக்ஸ்பர்ட்' ஃபைல் ஒன்று எழுதி, மடிந்த புறணிப் பரப்பைப் பலூன் போல ஊத வைக்கும் படியின் சுற்றுகளைக் கூட்டுங்கள். கட்டம் சிறுத்தால் பரப்பில் புள்ளிகள் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். பழைய எண்ணிக்கையில் ஊதினால் சுருக்கம் போகாது. நான் 100 வைக்கிறேன். உங்களிடம் இன்னொரு வகையான டி2 படமும் நல்லதாக இருந்தால் வெளிக்கோட்டைத் திருத்த அதையும் கொடுங்கள். டி1-ல் மூளையை மூடியிருக்கும் சவ்வான டியூரா புறணியோடு ஒட்டினாற்போலத் தெரியும், டி2-ல் கறுத்து விலகிவிடும். ஆனால் எல்லோருக்கும் இருந்தால் மட்டும் கொடுங்கள்.

நின்றுபோன மூன்றுக்கும் லாக் ஃபைலின் கடைசி வரிகளைப் படியுங்கள். 'கில்டு' என்று முடிந்திருந்தால் பெரும்பாலும் மெமரி போதவில்லை. எனக்கு 8 ஜி.பி.யில் இப்படித்தான் ஆனது. 32 போட்டு, ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் ஓட்டினேன். டோபாலஜி, அதாவது பரப்பில் உள்ள ஓட்டைகளையும் தப்பான ஒட்டல்களையும், சரிசெய்யும் இடத்தில் மணிக்கணக்கில் நின்றால், செட்டிங்கை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். வெண்பொருளில் பெரிய ஓட்டையோ, மூளையோடு ஒட்டி வந்த டியூராவோ இருக்கும். அதைக் கையால் திருத்திவிட்டு அந்தப் படியிலிருந்து தொடருங்கள்.

இப்போது அந்த 10 பேர். இதில் உங்கள் கைடிடம் நீங்கள் தைரியமாகப் பேசியே ஆக வேண்டும். 24 பேரை ஹைரெஸிலும் 10 பேரைச் சாதாரணமாகவும் ஓட்டிச் சேர்த்தால், தடிமனில் வரும் வித்தியாசம் ஆளுடையதா செட்டிங்குடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே படங்களை வேறு வெர்ஷனில், வேறு கம்ப்யூட்டரில் ஓட்டினாலே தடிமன் மாறுகிறது என்று 2012-ல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அந்தப் பத்துப் பேரும் முக்கியம் என்றால் 34 பேரையும் 1 மி.மீ.யில், ஒரே வெர்ஷனில், ஒரே மெஷினில் ஓட்டுங்கள். அப்போதும் ஸ்கேன் எடுத்த முறை வேறு என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நோயாளிகள் எல்லாம் ஒரு முறையிலும் மற்றவர்கள் எல்லாம் இன்னொரு முறையிலும் இருந்தால், அந்தக் கணக்கும் உதவாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 24 பேரோடு நிறுத்திக்கொண்டு ஹைரெஸில் போவேன்.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, வலிப்பு இருக்கிறது. அவனுக்கு 1 மி.மீ. ஸ்கேன்தான் எடுத்தார்கள். இதைவிட நுணுக்கமாக எடுத்துத் தடிமன் ரிப்போர்ட் வாங்க வேண்டுமா அக்கா?
— வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: வேண்டாம்மா. உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2019-ல் பரிந்துரைத்த ஸ்கேன் முறையிலேயே முப்பரிமாண டி1, ஃப்ளேர் (மூளையைச் சுற்றியுள்ள நீரைக் கறுப்பாக்கிக் காட்டும் வகை) படங்களுக்கு 1 மி.மீ. கட்டம்தான். உங்கள் பையனுக்கு ஃப்ளேரும் எடுத்தார்களா என்று மட்டும் கேளுங்கள். தடிமன் எண்கள் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கு. வைத்தியத்துக்கு, பழகிய கண் படத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஃபிலிமை மட்டும் கொண்டுபோகாமல் சி.டி.யையும் எடுத்துக்கொண்டு போங்கள்.