கையெழுத்தாகாத சமாதானம்

கேள்வி: ஜப்பானும் ரஷ்யாவும் இன்னும் சமாதான ஒப்பந்தமே போடவில்லையாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். ஜப்பானும் சோவியத் யூனியனும் வெளியிட்ட 1956 கூட்டுப் பிரகடனத்தோடு இரண்டாம் உலகப் போரின் போர்நிலை முடிந்தது. ஒப்பந்தம் மட்டும் இல்லை. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவுக்குப் பக்கத்தில் எதொரோஃபு, குனாஷிரி, ஷிகோடான், ஹபோமாய் தீவுகளை 1945-இல் சோவியத் படை பிடித்ததுதான் தகராறு.

ஒப்பந்தம் போட்டால் சின்னதான கடைசி இரண்டையும் தருவதாக 1956-இல் மாஸ்கோ ஒப்புக்கொண்டது. என்னைக் கேட்டால், அப்போதே வாங்கிப் போட்டிருக்கலாம். அமெரிக்கா விட்டால்தானே! மற்ற இரண்டையும் விட்டுக்கொடுத்தால், நாங்கள் பிடித்து வைத்திருக்கும் உங்கள் ஒகினாவா தீவு எங்களிடமே இருக்கும் என்று மிரட்டினார் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ்.

அப்போதைய ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே, பாவம், 2016-இல் புதினைத் தன் பூர்வீக ஊரான நாகாடோவின் வெந்நீர் ஊற்று விடுதிக்கே அழைத்து உபசரித்தார். ம்ஹூம். உக்ரைன் போருக்காக ஜப்பான் தடை விதித்ததும், 2022 மார்ச்சில் ரஷ்யா பேச்சையே நிறுத்திவிட்டது.