பிளேட்லெட் 62 ஆயிரம் இருந்தும் ஐசியுவுக்கு ஏன் மாற்றினார்கள்?

கேள்வி: என் தம்பி மகளுக்கு 17 வயது. போன மாதம் டெங்கு வந்து மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. பிளேட்லெட் 62 ஆயிரம். அப்பாடா என்று மூச்சு விட்ட அன்றைக்கே அவளை ஐசியுவுக்கு மாற்றிவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பையனுக்கு வெறும் 18 ஆயிரம். அவனுக்கு பிளேட்லெட் ஏற்றவும் இல்லை, இரண்டு நாளில் வீட்டுக்கும் போய்விட்டான். காரணம் கேட்டதற்கு ‘பிசிவி ஏறுது’ என்றார்கள். ரிப்போர்ட்டில் பிசிவி 41, நார்மல் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. இப்போது அவள் நலமாக இருக்கிறாள். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. பணத்துக்காக மாற்றினார்களா டாக்டர்? யாருக்கு நோய் முற்றும் என்று முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாதா? ரிப்போர்ட்டுகளை இணைத்திருக்கிறேன்.
- வாசகி, கடலூர்

பதில்: நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிவைத்துப் பார்த்தேன். அந்த மருத்துவர்கள் செய்தது சரி. உங்கள் மனம் ஆற வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. காரணம் உங்கள் கையில் உள்ள காகிதங்களிலேயே இருக்கிறது. காய்ச்சலின் இரண்டாம் நாள் உள்ளூர் லேபில் எடுத்த முதல் ரிப்போர்ட்டைப் பாருங்கள். அதில் பிசிவி 34. ஐந்தாம் நாள் 41.

பிசிவி என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு பங்கு என்ற கணக்கு. 34 என்றால் 100 மில்லி ரத்தத்தில் 34 மில்லி சிவப்பணுக்கள். மீதியில் பெரும்பகுதி பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி. மூன்று நாளில் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு சிவப்பணு புதிதாக ஊறிவிடாது. அப்படியானால் எண் ஏன் ஏறுகிறது? நீர் குறைகிறது. அடுப்பில் குழம்பு சுண்டினால் கெட்டிப்படுமே, அதேதான். டெங்குவில் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவர் இளகி, பிளாஸ்மா வெளியே கசிகிறது. வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் போய்த் தேங்குகிறது. குழாய்க்குள் ஓட வேண்டியது குறைந்தால் ரத்த அழுத்தம் விழும். டெங்குவில் உயிர் போவதற்கு முக்கியக் காரணம் இந்தக் கசிவுதான். வெளியே தெரியும் ரத்தப்போக்கைப் பார்த்துப் பயப்படுகிறோம். கசிவு சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கும்.

ஒருவரின் சொந்த அளவிலிருந்து பிசிவி 20 சதவீதம் ஏறினால் கசிவு கணிசமாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். 34-இல் 20 சதவீதம் ஏறத்தாழ 7. கூட்டினால் 41. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று அச்சிட்டிருப்பது பொதுவான ஆட்களுக்கான எல்லை. உங்கள் தம்பி மகளுக்கு இயல்பே 34, அதாவது லேசான ரத்தசோகை. இது அவளுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. திடகாத்திரமான ஓர் இளைஞனுக்கு 41 என்றால் நான் கவலைப்பட மாட்டேன். அவளுக்கு அது எச்சரிக்கை மணி. பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த அந்த டாக்டரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். வேலை நெருக்கடியில் பலர் அதைச் செய்யத் தவறிவிடுகிறார்கள்.

அப்புறம், காய்ச்சல் விட்ட அன்றைக்கே ஏன்? டெங்குவின் ஆபத்தான கட்டம் தொடங்குவதே அப்போதுதான். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், உடம்புச் சூடு இறங்கும் நேரத்தில் கசிவு உச்சத்துக்குப் போகும். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். ‘காய்ச்சல் விட்டாச்சு, டிஸ்சார்ஜ் பண்ணுங்க’ என்று குடும்பத்தார் கேட்பதும் மிகச் சரியாக அந்த நேரத்தில்தான். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் ஒரு கல்லூரி மாணவர் இப்படிக் கிளம்பிக்கொண்டிருந்தார். பிளேட்லெட் 90 ஆயிரத்துக்கு மேல். காய்ச்சல் இல்லை. ஆனால் கட்டிலில் இருப்புக் கொள்ளாமல் புரண்டுகொண்டிருந்தார், கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. ரத்த அழுத்தம் 100/84. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். இரண்டு எண்களுக்கும் இடையே வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே போனால் அது ‘ஷாக்’ எனப்படும், உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத அதிர்ச்சி நிலையின் தொடக்கம். அவருக்கு 16. பிசிவி 39-லிருந்து 49-க்குப் போயிருந்தது. டிரிப்ஸை அளந்து அளந்து கொடுத்துத்தான் மீட்டோம். அன்றிலிருந்து டெங்கு நோயாளியின் கையைத் தொட்டுப் பார்க்காமல் நான் ரிப்போர்ட்டைப் பிரிப்பதில்லை.

‘அளந்து அளந்து’ என்றேன். உங்கள் தம்பி மகள் ஐசியுவுக்குப் போனதும் அதற்காகத்தான் இருக்கும். குறைவாகக் கொடுத்தால் அழுத்தம் விழும். கூடுதலாகக் கொடுத்தால் அதுவும் கசிந்து நுரையீரலைச் சுற்றித் தேங்கி மூச்சுத் திணறும். இரண்டு நாள் கழித்துக் கசிவு நின்றதும் வெளியே போன நீர் தானாகக் குழாய்க்குள் திரும்பும். அந்த நேரத்தில் டிரிப்ஸை நிறுத்தாமல் விட்டாலும் ஆபத்து. அதனால்தான் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பிசிவி பார்ப்பார்கள். எண் இறங்கினாலும் உடனே மகிழ்ந்துவிட முடியாது. நாடி நிதானமாக, கை வெதுவெதுப்பாக, சிறுநீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்து பிசிவி இறங்கினால் அது குணமாவதன் அடையாளம். நாடி வேகமாகி, முகம் வெளுத்து இறங்கினால் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று பொருள். ஒரே எண், நேரெதிரான இரண்டு செய்திகள். ஆளைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படிக்க முடியாது.

சரி, அந்த 18 ஆயிரம் பையன்? அவன் ரிப்போர்ட் என்னிடம் இல்லை. ஆனால் வழக்கமாக இப்படித்தான் நடக்கும்: ஏழு, எட்டு நாளாகி ஆபத்துக் கட்டம் கடந்திருக்கும், பிசிவி நிலையாக இருக்கும், பசி எடுத்திருக்கும், வெள்ளையணுக்கள் ஏறத் தொடங்கியிருக்கும். முதலில் வெள்ளையணு ஏறும், பிளேட்லெட் பின்னால் வரும். ஏற ஆரம்பித்துவிட்டால் அது வேகமாக ஏறும். (பப்பாளி இலைச்சாறு கொடுத்தவுடனே ஏறிவிட்டது என்று சொல்கிறவர்கள் பலரும் அதைக் கொடுப்பது இந்த நாட்களில்தான். அது கசிவைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.) ரத்தப்போக்கு இல்லாதவர்களுக்கு, எண் குறைந்தது என்பதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றலாமா என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் 20 ஆயிரமோ அதற்குக் கீழோதான். 2017-இல் முடிவு வெளியானது: ஏற்றியதால் ரத்தப்போக்கு குறிப்பிடும்படி குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. நள்ளிரவில் ரத்த வங்கி வாசலில் கொடையாளர் தேடி அலையும் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த அலைச்சலில் பெரும்பாலானது தேவையே இல்லாதது. பிளேட்லெட்டைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது சரசரவென இறங்க, பிசிவி கூடவே ஏறினால், உலக சுகாதார நிறுவனமே பட்டியலில் சேர்த்திருக்கும் எச்சரிக்கை அடையாளம் அது.

முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை பற்றிக் கேட்டீர்கள். தேடல் நடந்துகொண்டே இருக்கிறது. வைரஸின் புரதத்தை ரத்தத்தில் தேடும் என்எஸ்1 பரிசோதனை, டெங்கு இருக்கிறதா என்று சொல்லும். முற்றுமா என்று அதை வைத்து முடிவு செய்ய முடியாது. கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி 1000-ஐத் தொட்டால் அதுவே தீவிர டெங்கு. அதற்குக் கீழே ஓரளவு ஏறுவது பலருக்கும் நடப்பதுதான். 2021-இல் வியட்நாம், கம்போடியா, மலேசியா, எல் சால்வடோர் நோயாளிகளிடம் முதல் மூன்று நாட்களுக்குள் எடுத்த ரத்தத்தை வைத்து ஓர் ஆய்வு வந்தது. இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் உட்படப் பல பொருட்களைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் கணிப்பு மேம்பட்டது. குழந்தைகளுக்கு உதவிய கூட்டு வேறு, பெரியவர்களுக்கு வேறு. அவற்றில் பல நம் ஊர் லேப்களில் எடுக்கக்கூடியவையும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 நோயாளிகளில் 5 பேருக்கு நோய் முற்றும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பரிசோதனை 80 சதவீதம் சரியாகச் சொல்கிறது. அந்த 5 பேரில் 4 பேரைப் பிடித்துவிடும், ஒருவரைக் கோட்டைவிடும். நன்றாக இருக்கும் 95 பேரில் 19 பேரையும் ஆபத்து என்று தவறாகச் சொல்லும். ஆக, ஆபத்து என்று வந்த 23 பேரில் உண்மையான ஆபத்து 4 பேருக்குத்தான். கொரோனா காலத்தில் சிஆர்பி (அழற்சியைக் காட்டுவது), டி-டைமர் (ரத்தம் உறைவதைக் காட்டுவது) எண்களைப் பார்த்துத் தூக்கம் இழந்த பலருக்கு இதை யாரும் சொல்லவில்லை. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் யாருக்கு உயிராபத்து அதிகம் என்று கணிக்க பிரிட்டனில் 2020-இல் உருவாக்கிய ஒரு மதிப்பெண் முறையில் எட்டு விஷயங்கள் உண்டு. ரத்தத்திலிருந்து வருபவை யூரியாவும் சிஆர்பியும் மட்டுமே. மற்றவை வயது, ஆணா பெண்ணா, வேறு நோய்கள் எத்தனை, மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, நினைவு தெளிவாக இருக்கிறதா என்பவை.

உங்கள் தம்பி மகளுக்கு இனி பிளேட்லெட் பரிசோதனை திரும்பத் திரும்ப வேண்டாம். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு; வேறு வகை இன்னொரு முறை தாக்கினால் தீவிரமாகும் வாய்ப்பு கூடுதல். அதனால் அடுத்து எப்போது காய்ச்சல் வந்தாலும் முன்பு டெங்கு வந்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். விடாத வயிற்றுவலி, அடங்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசதி அல்லது இருப்புக் கொள்ளாமை, சில்லிட்ட கை கால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை - இவற்றில் எது வந்தாலும் லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

ரத்தசோகைக்கு மருத்துவரிடம் காட்டி இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பியுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருமுறை ரத்தம் எடுத்து, வரும் பிசிவி எண்ணைத் தேதியோடு அவளுடைய ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் டாக்டர் முதலில் தேடப்போவது அந்த எண்ணைத்தான்.