திருடனுக்கும் தைரியம் உண்டுதானே?

கேள்வி: நள்ளிரவில் செம்பனைக் குலை திருடுகிறவனுக்கும் துணிச்சல் வேண்டும். அப்படியிருக்க, தைரியத்தை எப்படி அறம் என்கிறீர்கள்?
– வாசகர், காப்பார்

பதில்: ஐயா, அவனிடம் இருப்பது நெஞ்சழுத்தம். கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவே தைரியத்தை வைத்த அரிஸ்டாட்டில், எதற்காகத் துணிகிறோம் என்பதையும் பார்த்தார். வள்ளுவரும் ‘அஞ்சுவது அஞ்சாமை பேதைமை’ என்றார். ஹெல்மட் இல்லாமல் பறக்கும் நம் பிள்ளைகள் காதில் அது எங்கே விழுகிறது!

சரி, உங்கள் ஊர்ப் பக்கமே வருவோம். 1941இல் மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம். கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: தோட்ட நிர்வாகியான துரையோ, கணக்கு எழுதும் கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக்கூடாது. வேலையும், தோட்டத்தில் குடியிருந்த லயத்து வீடும் துரை கையில். கடைசியில் பட்டாளம் வந்து சுட்டது, உயிர்கள் போயின. பயம் இல்லாமலா இருந்திருக்கும்? பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துப் பயந்துகொண்டேதான் கேட்டிருப்பார்கள். அதைத்தான் அறம் என்கிறேன்.

என் தாத்தா பந்திங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்துப் பிழைத்தவர். எழுபதுகளில்கூட ஆபீஸ் வாசலைத் தாண்டும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவார். வீட்டில் சாப்பிட அத்தனை வாய்கள். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது.